நீலாயதாட்சி ஆச்சியின் ஐஸ் பெட்டி

அமராவதிபுதூரில் நீலாயதாட்சி ஆச்சிக்கு ஊர் வைத்திருந்த பெயர் ஐஸ் பெட்டி ஆச்சி. முகத்துக்கு நேரே அப்படிச் சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் கிடையாது. பினாங்கிலிருந்து அவர் கணவர் ஏகப்பச் செட்டியார் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய பெட்டி அது. கரண்டில் ஓடுவதில்லை. அடியில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு எரியும், மேலே ஐஸ் உறையும். நெருப்பு வைத்தால் எப்படி ஐஸ் ஆகும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆச்சி வைத்திருந்த பதில் ஒன்றுதான்: "ஆகுதுல்ல? பெறகென்ன?" விலங்கியல் படித்த எனக்கும் அதே பதில்தான் கிடைத்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ஆச்சி என்றதும் பல் போன கிழவியை நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கம் ஒரு செட்டியார் வீட்டுப் பெண் ஆச்சி ஆவதற்குக் கல்யாணம் ஆனால் போதும். நான் பழகிய காலத்தில் அவருக்கு நாற்பது வயதுதான் இருக்கும். கறுகறுவென்று முடி, கணீரென்று குரல், மூக்கு நுனியில் கோபம். பிள்ளைகள் இல்லை. பெட்டியை இறக்கிவைத்துவிட்டுப் போன செட்டியார், "அடுத்த தடவை வரும்போது எனக்கு ஐஸ் தண்ணி தயாரா இருக்கணும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். அப்புறம் அந்த நாட்டில் சட்டம் மாறியது. வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்ற பயத்தில் கடையை விட்டு நகர முடியாமல் அவர் அங்கேயே கிடந்தார். வருஷங்கள் ஓடின. ஊர் வாய் சும்மா இருக்குமா? அங்கே இன்னொரு குடும்பம் இருப்பதாகக்கூடப் பேசினார்கள். ஆச்சி எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெட்டியின் அடியிலிருந்த விளக்கை மட்டும் அணையவிடவில்லை.

எனக்கும் அந்தப் பெட்டிக்கும் முடிச்சு விழுந்தது 1973-இல். நான் சரஸ்வதி, பக்கத்து ஊரான மானகிரியில் ஆசாரி வீட்டுப் பெண். அப்பா கருப்பையா, ஆச்சி வீட்டுக் கதவு நிலைகளைப் பழுது பார்ப்பவர். நான் காரைக்குடியில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. எங்கள் தெருவில் அதைச் சொன்னால், "இன்னுமா பாஸாகலை?" என்று கேட்பார்கள்.

நான் தேடிக்கொண்டிருந்தது கோழிக் குடலின் செல்களில் இருக்கும் ஒரு புரதத்தை. இரையில் வரும் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிற புரதம் அது. கண்ணில் படாத அதை அடையாளம் காட்ட ஒரு முயல் வேண்டும். புரதத்தைப் பிரித்தெடுத்து முயலுக்கு ஊசி போட்டால், முயலின் உடம்பு 'யார்றா இது புது ஆள்' என்று அதற்கென்றே ஓர் எதிர்ப்பொருளை உண்டாக்கும். முயலின் காதிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்து உறையவைத்தால் மேலே மஞ்சளாகத் தெளிந்து நிற்கும் நீர்தான் சீரம். எதிர்ப்பொருள் அதில் இருக்கும். எத்தனை புரதங்கள் கலந்து கிடந்தாலும் தன் ஆளைத் தவிர வேறு யாரையும் அது ஏறெடுத்துப் பார்க்காது. என் முயல் அருமையான சீரம் கொடுத்தது. கொடுத்த கையோடு, கொட்டகைக்குள் புகுந்த நாய் ஒன்று முயலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியவை சீரம் அடைத்த சில கண்ணாடிக் குப்பிகள்தான். அவற்றைக் குளிரில் வைத்திருக்க வேண்டும். அந்த வருஷம் பார்த்து மின்வெட்டு. கல்லூரிப் பெட்டி வெறும் அலமாரியாகிவிட்டது.

தை மாதம் மெட்ராஸிலிருந்து பேராசிரியர் சத்தியமூர்த்தி வருவதாக இருந்தது. சீரம் வேலை செய்வதை அவர் கண்ணால் பார்த்துவிட்டால் தம் ஆய்வகத்தில் எனக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் என் ஆராய்ச்சி அத்தோடு சரி. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தயாராக இருந்தார்கள்.

குப்பிகளைக் கைப்பையில் பொத்திக்கொண்டு அப்பாவோடு ஆச்சி வீட்டுக்குப் போனேன்.

"என்னது புள்ள இது, ரத்தமா?"

"ரத்தத்துல இருந்து தெளிஞ்ச தண்ணி, ஆச்சி. முயலோடது."

"கொன்னுபுட்டியா?"

"இல்ல ஆச்சி. காதுல ஊசி குத்தித்தான் எடுத்தேன்."

"தோடு போடக் காது குத்துறாப்புலயா? சரி, வையி. மல்லிகைப் பூவுக்கு அங்குட்டுத் தள்ளி வையி."

அவ்வளவுதான் விசாரணை. கல்லூரியில் அதே குப்பிகளுக்கு இடம் கேட்டு நான் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது.

கொஞ்ச நாளில் மண்ணெண்ணெய்க்குப் பஞ்சம் வந்தது. கடைவாசலில் காலி டின்கள் தெருமுனை வரை வரிசையில் நின்றன. ஆச்சி, வீட்டு ஸ்டவ்வை மூட்டை கட்டிவிட்டு விறகடுப்புக்குப் போனார். கிடைத்த மண்ணெண்ணெய் அத்தனையும் பெட்டிக்கு. அடியில் எரியும் சுடர் நீலமாக இருக்கிறதா என்று பார்க்கப் பெட்டியோடு ஒரு சின்னக் கண்ணாடி கொடுத்திருந்தார்கள். ஆச்சி தரையில் குப்புறப் படுத்து அதைப் பிடித்துப் பார்ப்பார். கண்டாங்கிச் சேலையும் வைரத்தோடுமாக அவர் தரையில் படுத்துக் கிடக்கும் கோலத்தைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க எனக்குப் பெரும்பாடாக இருக்கும். எனக்காகத்தான் படுத்துக் கிடக்கிறார் என்று நினைத்ததும் சிரிப்பு போய்விடும்.

தை பிறந்தது. பேராசிரியர் வரும் தேதி தெரிந்ததும் சோதனைத் தட்டுத் தயார் செய்ய வேண்டியிருந்தது. அதற்குக் கடற்பாசி வேண்டும், சமையலுக்கு வாங்குகிறோமே, அதேதான். அதை உப்புத் தண்ணீரில் காய்ச்சித் தட்டில் ஊற்றினால் கெட்டியாகும். அதில் மூன்று குழி தோண்டி நடுக்குழியில் சீரம், ஒரு பக்கம் கோழிக் குடலின் சாறு, மறுபக்கம் கோழி இறைச்சியின் சாறு விட வேண்டும். இரண்டு நாள் குளிரில் இருந்தால், எதிர்ப்பொருளும் அதன் புரதமும் ஊறிவந்து சந்திக்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு விழும். குடல் பக்கம் மட்டும் விழ வேண்டும். பம்பாய்க்கு எழுதிப் போட்ட கடற்பாசி வந்து சேரவில்லை. ஆச்சியிடம் பினாங்குக் கடற்பாசி இருந்தது. தட்டும் ஆச்சியுடையதுதான், பினாங்கிலிருந்து வந்த பூப்போட்ட கண்ணாடித் தட்டு. காய்ச்சி ஊற்றி, குழிகளை நிரப்பி, பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்தேன்.

பேராசிரியர் வருவதற்கு முந்தின நாள் ஏகப்பச் செட்டியார் வந்து இறங்கினார்!

ஒரு வழியாக அனுமதி கிடைத்து, வருவதாகத் தந்தி கொடுத்திருந்தார். ஆச்சி பரபரத்துக் கிடந்ததில் என்னிடம் சொல்ல மறந்துவிட்டார். நான் மத்தியானம் போனபோது முன்கட்டுத் திண்ணையான பட்டாலையில் ஒரு நரைத்த மனிதர் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கும்பிட்டுவிட்டு நேரே போய்ப் பெட்டியைத் திறந்தேன். தட்டைக் காணவில்லை. அடுப்படியில் கழுவிக் கவிழ்த்திருந்தது.

"ஐயா, இதுக்குள்ள ஒரு கண்ணாடித் தட்டு..."

செட்டியார் முகம் மலர்ந்தது. "கடற்பாசிதானே? நான்தான் சாப்பிட்டேன் ஆத்தா. எனக்குப் பிடிக்கும்னு எங்க வீட்ல செஞ்சு வச்சிருந்தா. நான் வார பதட்டத்துல சீனிக்குப் பதிலா உப்பைப் போட்டுட்டா, பாவம். மனசு சங்கடப்படுமேன்னு மிச்சம் வைக்காமத் தின்னு, தட்டையும் நானே கழுவி வச்சுட்டேன்."

கோழிக் குடல் சாறு, முயல் சீரம், என் மெட்ராஸ் எல்லாம் அவர் வயிற்றுக்குள் இருந்தன.

பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஆச்சி முன்னால் வந்தார். "அது உங்களுக்குச் செஞ்சதில்ல. இந்தப் புள்ளையோட படிப்பு அது. அதைத் தின்னுபுட்டு உக்காந்திருக்கீக!"

செட்டியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் விளக்கிச் சொன்னதும் விசிறி நின்றுவிட்டது. வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மருந்து எதுவும் கலக்கவில்லை, பயப்பட வேண்டாம் என்றேன்.

"உப்புக் கரிச்சா துப்ப வேண்டியதுதானே?" என்றார் ஆச்சி.

"நீ செஞ்சதுன்னு நெனச்சேன். எப்படித் துப்புறது?"

ஆச்சியின் கோபம் அங்கேயே நின்றுபோனது. விறுவிறுவென்று உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு சின்னக் கட்டுக் கடற்பாசி இருந்தது. வீட்டிலிருந்த கடைசிக் கட்டு. செட்டியாருக்கென்று நிஜமாகவே எடுத்து வைத்திருந்தது. "இந்தா புள்ள, காய்ச்சு" என்று என் கையில் கொடுத்தார்.

இன்னொரு தட்டுப் போட்டேன். ஆனால் கோடு விழ இரண்டு நாள் ஆகும். பேராசிரியரோ மறுநாள் காலை வந்து சாயங்காலம் போட்மெயிலைப் பிடிக்கிறவர்.

"அவரை என்கிட்ட விட்டுரு" என்றார் ஆச்சி.

காலையில் செட்டியாரே காரைக்குடி ஸ்டேஷனுக்குப் போய்ப் பேராசிரியரை அழைத்து வந்தார். வெள்ளைப் பணியாரத்தில் தொடங்கியது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பேராசிரியரால் எழுந்திருக்கவே முடியவில்லை. சாயங்காலம் கந்தரப்பம் வந்தது. "அம்மா, எனக்கு ரயிலுக்கு நேரமாகிறது" என்றார் பாவம். "ரயில் தெனமும் போகுது. கும்மாயம் இப்பத்தான் கிண்டுறேன்" என்றார் ஆச்சி. செட்டியார் செய்த பாவத்துக்குப் பரிகாரமாகப் பினாங்குக் கதைகளை ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தார். வந்த விருந்தாளியைப் பட்டினி போட்டு வதைக்கும் ஊர்கள் உண்டு என்று கேள்வி. எங்கள் ஊர் வேறு வகை.

இதற்கு நடுவில் விளக்கில் மண்ணெண்ணெய் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. உள்ளே இருக்கும் குளிர் வெளியே போகக் கூடாதென்று கதவைத் திறக்க ஆச்சி தடை போட்டார். செட்டியார் ஒருமுறை மெதுவாகக் கேட்டார்: "ஒரு வாய் ஐஸ் தண்ணி..."

"பானைத் தண்ணி இருக்கு" என்றார் ஆச்சி.

அவர் வந்தால் கொடுப்பதற்காகத்தான் இத்தனை வருஷம் அந்த விளக்கு எரிந்தது. அவர் வந்து கேட்டபோது, ஆச்சி எனக்காக மறுத்துவிட்டார். செட்டியார் பானைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "இதுவும் ஜில்லுனுதான் இருக்கு" என்றார்.

மறுநாள் மத்தியானம் தட்டை எடுத்தேன். பேராசிரியர் அதை முற்றத்து வெயிலில் சாய்த்துப் பிடித்தார். நடுக்குழிக்கும் குடல் சாற்றுக்கும் இடையில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு. இறைச்சிச் சாற்றின் பக்கம் ஒன்றுமே இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "அடுத்த மாதமே வந்து சேர்ந்துவிடு அம்மா" என்றார்.

ஆச்சி எட்டிப் பார்த்தார். "இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான் ஆச்சி."

"இந்த நூலுக்கா எங்க செட்டியாருக்கு ஐஸ் தண்ணி குடுக்காம வச்சிருந்தேன்!" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் செட்டியாரும் சேர்ந்துகொண்டார். மிச்சமிருந்த ஐஸ் முழுவதும் என் குப்பிகளைச் சுற்றிப் பிளாஸ்கில் அடைத்து மெட்ராஸுக்குப் போனது. அன்றைக்குத்தான் அந்த விளக்கு முதல் முறையாக அணைந்தது.

மாசிக்குள் செட்டியார் திரும்ப வேண்டியிருந்தது. புறப்படும் அன்று நானும் போயிருந்தேன். "அங்கேருந்து என்ன அனுப்பட்டும்?" என்று கேட்டார். எப்போதும் "ஒண்ணும் வேணாம்" என்பாராம் ஆச்சி.

"கடற்பாசி வேணும்" என்றார் இந்த முறை. "தபால்ல வேணாம். நீங்களே கொண்டாங்க."



மறு வருஷம் நான் மெட்ராஸ் ஆய்வகத்தில் இருந்தபோது, அமராவதிபுதூரிலிருந்து வந்த ஒருவர் என்னைத் தேடிப் பிடித்து ஒரு பொட்டலம் கொடுத்தார். பிரித்தால் பினாங்குக் கடற்பாசி, ஒரு கட்டில் சரிபாதி.

"ஆச்சி என்ன சொன்னாக?" என்று கேட்டேன்.

"பாதி ஒனக்காம். மீதிக்குச் சீனி போட்டாச்சாம்."