லியோங் வீட்டு இஞ்சிப் பானை

தென்சீனத்துப் போஷான் நகரில், எங்கள் சந்தில் யூன்ஷியாவின் குரல் கேட்பதற்கு முன்பே அவள் வறுக்கும் மிளகாயின் நெடி வந்துவிடும். தொலைதூரக் குய்சோவ் மாகாணத்து மலைப்பக்கத்துக்காரி. ஓடு செய்யும் தொழிற்சாலையில் வேலை, லியோங் அத்தை வீட்டு மாடி அறையில் வாடகைக்கு வாசம். பெற்ற இரண்டு குழந்தைகளும் பிறந்த கையோடு போய்விட்டன. அதையே சாக்காகச் சொல்லிப் புருஷனும் வேறொருத்தியோடு போய்விட்டான்.

கோடை மாலைகளில் சந்தில் மடக்கு மேசைகளைப் போட்டு, வீட்டுக்கொரு பதார்த்தம் வைத்துச் சேர்ந்து சாப்பிடுவோம். முதன்முதலாக அவள் சமைத்து வந்த மீனை வாயில் போட்ட ஃபூக் மாமா குழாயடிக்கு ஓடினார்.

"இது மீனா, நெருப்பா? என்னைக் கொல்லச் சொல்லி யாரு உன்னை அனுப்புனா?"

"உங்க ஊரு மீனு காய்ச்சக்காரனுக்குப் போடுற பத்தியம் மாதிரி இருந்துச்சு மாமா. கொஞ்சம் உசிரு குடுத்தேன்" என்றாள். சந்தே சிரித்தது.

அன்றிலிருந்து அவள் எங்கள் அடுப்படிகளில் ஏறி இறங்கினாள். மீனை ஆவியில் வேகவைக்க ஃபூக் மாமி சொல்லிக்கொடுத்தாள். என் வீட்டில் சூப்பு கற்றாள். மற்றதெல்லாம் லியோங் அத்தையிடம். "இவ கையில உப்பு தப்பாது" என்று அத்தையே மெச்சுவாள். தனிக்கட்டையான அவளுக்கு அந்த மாலை மேசைதான் குடும்பம்.

ஒரே ஒரு பானையை மட்டும் அத்தை அவளைத் தொடவிடவில்லை.

மருமகள் வாய்குன் ஆறு மாதத்தைத் தாண்டியதும் அத்தை கறுப்பு வினிகரில் இஞ்சியைப் போட்டு மண்பானையில் காய்ச்ச ஆரம்பித்தாள். இரண்டு நாளுக்கு ஒரு தடவை சூடுபடுத்தி வைக்க வேண்டும். குழந்தை பிறந்ததும் பன்றிக்காலும் முட்டையும் சேர்த்து, தாய்க்குக் கொடுத்து, அக்கம்பக்கத்துக்கும் கிண்ணம் கிண்ணமாக அனுப்புவார்கள். யூன்ஷியா ஆசையோடு மூடியைத் திறக்கப் போனாள்.

"கைய எடு! பிள்ளை நிக்காத கை இதுல படக்கூடாது" என்றாள் அத்தை.

யூன்ஷியா கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

எட்டாம் மாதத்திலேயே வாய்குனுக்கு வலி கண்டது. அத்தையும் மகனும் அவளைத் தூக்கிக்கொண்டு பெரிய மருத்துவமனைக்கு ஓடினார்கள். பெண் குழந்தை. கைக்குள் அடங்கும் அளவுதான். மூச்சு சரியில்லை என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள்.

வீடு பூட்டிக் கிடந்தது. ஆனால் மாடி அறையின் படிக்கட்டு கீழ் அடுப்படிக்குள்தான் இறங்கும். மூன்றாம் நாள், நான் துணி உலர்த்தும்போது யூன்ஷியா அந்தப் பானையின் முன்னால் நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஓரத்தில் வெள்ளையாக ஏதோ படியத் தொடங்கியிருந்ததாம்.

"அக்கா, பானை கெட்டா பிள்ளைக்கு ஆகாதுன்னு அத்தை சொல்லுவாங்க. நான் தொட்டாலும் ஆகாது. நான் என்னதான் செய்ய?"

"மருத்துவமனைக்குச் சொல்லி அனுப்பலாம்."

"அங்க அவங்க இருக்கிற நெலமையில, பானை கெடுதுன்னா சொல்லி அனுப்ப?"

அழுதுகொண்டே அடுப்பைப் பற்றவைத்தாள்.

மாற்றுத் துணி எடுக்க வந்த அத்தை உள்ளே நுழைந்ததுமே மோப்பம் பிடித்துவிட்டாள். பானையைத் தொட்டாள். சூடு.

"யாருடி தொட்டது?"

யூன்ஷியா படியிலிருந்து இறங்கிவந்தாள். "நான்தான் அத்தை. கெட்டுடுமேன்னு..."

"ரெண்ட முழுங்கினது பத்தலியா உனக்கு? என் பேத்தியும் வேணுமா?"

நாங்கள் ஓடிவருவதற்குள் அத்தை பானையைத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டாள். சந்து முழுக்க வினிகர் வாடை. யூன்ஷியா மறுபடி மேசைக்கு வரவில்லை. தொழிற்சாலை விடுதியில் இடம் கேட்டிருப்பதாக ஃபூக் மாமி காதைக் கடித்தாள்.

சில நாளில் வாய்குன் மட்டும் வீட்டுக்கு வந்தாள். குழந்தை இன்னும் பெட்டியில்தான். வெளுத்த முகத்தோடு இஞ்சி வினிகர் கேட்டாள். அத்தையின் மகன் தலையைக் குனிந்துகொண்டு நடந்ததைச் சொன்னான்.

பிள்ளை பெற்றவள் மேல் காற்றுப் படக் கூடாது. ஆனாலும் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு படிக்கட்டடியில் வந்து நின்றாள் வாய்குன்.

"யூன்ஷியாக்கா! இறங்கி வா. எனக்குப் பானை வையி."

மேலேயிருந்து குரல் மட்டும் வந்தது. "வேணாம் தங்கச்சி. என் கை ராசி உனக்குத் தெரியாதா?"

"என் பிள்ளையை நீ தொட்டியா?"

"இல்லையே..."

"நானும் தொடலக்கா. பெத்தவ நான், ஒரு விரல்கூட இன்னும் தொடல. கண்ணாடிக்கு வெளியே நின்னு பாத்துட்டு வந்திருக்கேன். இதுல எவ கையில போய் ராசி பாக்குறீங்க? நீ வைக்கலேன்னா இந்த வீட்டுல நான் ஒரு வாய் சாப்பிட மாட்டேன்!"

அத்தை வாசலில் நின்றிருந்தாள். மருமகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், வேறொரு மண்பானையைக் கழுவி அடுப்பின் மேல் வைத்துவிட்டு, மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

யூன்ஷியா இறங்கிவந்தாள். நானும் அவளும் இஞ்சியைத் தோல் சீவினோம். கத்தியால் தட்டி வாணலியில் போட்டவள், எண்ணெய்ப் போத்தலை எடுத்தாள்.

"எண்ணெய் விடாதே" என்றது சுவரோரக் குரல். "வெறும் சட்டியில, ஈரம் வத்துற வரைக்கும் வறு."

யூன்ஷியா போத்தலை வைத்துவிட்டாள். கண்ணீர் தாரைதாரையாக ஓட, முழங்கையால் துடைத்துத் துடைத்து வறுத்தாள்.

அத்தை மனம் மாறிவிட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். கடைசிவரை அவள் யூன்ஷியாவின் பக்கம் திரும்பவில்லை. மகன் குழந்தையைப் பார்க்க மருத்துவமனைக்குச் சைக்கிளில் போயிருந்தான். சந்தில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் அத்தை, வாய்குன், யூன்ஷியா மூன்று பேரும் ஒரே நேரத்தில் வாசலைப் பார்த்தார்கள்.

"இஞ்சி தீயுற வாடை வருது பாரு, கிளறு" என்றாள் அத்தை.