செம்பு அண்டாவில் தெரிந்த நீலம்

மூக்கைக் குத்தி, கண்ணில் நீர் வரவழைத்து, உச்சந்தலைவரை ஏறும் அந்த நெடியை நான் முதன்முதலில் முகர்ந்தது பாளையங்கோட்டை மிஷன் பெண்கள் விடுதியின் அடுப்படியில். எனக்கு அப்போது பத்து வயது, அங்கே சமைத்தவள் என் அம்மா.

ஈஸ்டருக்கு அடுப்படி மின்னவேண்டுமென்று மேட்ரன் அம்மாள் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு நல்ல பேர் வாங்கித் தரும் ஆசையில், பெரிய செம்பு அண்டாவை அவளுக்குத் தெரியாமல் புளியும் செங்கல்பொடியும் போட்டு உள்ளும் புறமும் தேய்த்தேன். உள்ளே மங்கலாக ஒட்டியிருந்தது ஈயப்பூச்சு என்று அறியாத அசடு நான். விடியுமுன் சிமினி விளக்கின் புகைவெளிச்சத்தில் அம்மா அதில் மீன்குழம்பு வைத்தாள். மத்தியானம் சாப்பிட்ட பிள்ளைகளெல்லாம் வாந்தியெடுத்தார்கள். கெட்ட மீனைப் போட்டுவிட்டாளென்று சொல்லி, சாயங்காலத்துக்குள் "மூட்டையைக் கட்ட" உத்தரவாயிற்று. அப்பா இறந்த பின் எங்களுக்கு இருந்த ஒரே போக்கிடம் ஏரலில் மாமா வீடுதான். அங்கே எங்களுக்கு என்ன மரியாதை என்பது எனக்கே தெரியும்.

பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்க வந்த பேட்டை சாயபு, ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், அண்டாவை எட்டிப் பார்த்தார். அதில் கொஞ்சம் புளித்த காடி ஊற்றிச் சூடாக்கி, கண்ணாடித் தம்ளரில் எடுத்து, தன் சீசாவிலிருந்த அமோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டார்; அந்த நெடி அடுப்படியெங்கும் ஏறியது. வெளுத்த கலங்கல்தான் தெரிந்தது. மேட்ரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "பொறுங்கம்மா, பைய வரும்," என்று இன்னும் விட்டார்; கலங்கல் கரைந்து, மைக்கூட்டைக் கவிழ்த்ததுபோல் ஆழ்ந்த நீலம் எழுந்தது.

"மீன் மேல குத்தமில்ல. கொழம்புப் புளியில கரைஞ்சு செம்புதான் வயித்துக்குள்ள போயிருக்கு. உள்ள இருந்த ஈயத்த யாரோ தேச்சு எடுத்திருக்காவ."

என் நகக்கண்ணெல்லாம் செங்கல் சிவப்பு. கைகளைப் பாவாடைக்குள் ஒளித்தேன். அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"நாந்தான் தேச்சேன்," என்றாள்.

"மின்னணும்னு சொன்னது நான்தானே," என்றார்கள் மேட்ரன். பிறகு, அண்டாவை நாளைக்கே ஈயம் பூசக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். வேலை தங்கியது. அன்று மாலை என் நகங்களை வெட்டியபடி அம்மா சொன்னது இவ்வளவுதான்: "இனிமே வெளியே மட்டும் தேயி, ஏட்டி."

பின்னாளில் நானும் ரசாயனம் படித்து வாத்திச்சியானேன். ஒவ்வொரு செம்பு அயனியையும் நான்கு அமோனியா மூலக்கூறுகள் சுற்றிப் பிடித்துக்கொள்வதால் வரும் நிறம் அது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த அடுப்படி இடிந்துபோயிற்று, அண்டா யார் வீட்டிலோ, அம்மாவும் இல்லை. நான்தான் என்று அவளிடம் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. வகுப்பில் நான் செய்துகாட்டும்போது, தம்ளரில் நீலம் எழுந்ததும் பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். என் கைகள் மட்டும் முந்தானைக்குள் போய்விடுகின்றன.