தொண்டைமானாற்றுச் சந்தியில் ஒரு பதாகை

எங்கள் கம்பஸ் உதைபந்தாட்ட அணியில் நான் மூன்று வருடமாக இரண்டாவது கோல் கீப்பர். இரண்டாவது என்றால் விளையாடாதவன் என்று பொருள். முதலாவது கீப்பருக்கு இந்த மூன்று வருடத்தில் ஒரு தடிமன்கூட வந்ததில்லை, நன்றாக இருக்கட்டும். விளையாடாதவனுக்கும் மைதானத்தில் வேலை இருக்கிறது. பயிற்சிக்கு யார் யார் வந்தார்கள் என்று கொப்பியில் அடையாளம் போடுவதும், பயிற்றுநர் கதிரவேலு சேர் எங்கேயோ வைத்துவிட்ட விசிலைத் தேடிக் கொடுப்பதும் என் பொறுப்பு. மற்ற நேரமெல்லாம் கரையில் கிடக்கும் மர வாங்கில் உட்கார்ந்து ஆட்களைப் பார்ப்பேன். இந்த வருடம் நான் அதிகம் பார்த்தது நிருஷனைத்தான்.

நிருஷன் முதலாம் வருடம். ஊர் தொண்டைமானாறு. தகப்பன் நாகலிங்கம் கடலுக்குப் போகிறவர். பிள்ளை இடது ஓரத்தில் ஓடி விளையாடுபவன். பந்து காலில் பட்டால், எதிராளி திரும்புவதற்குள் பத்து யார் தூரம் போயிருப்பான். மெலிந்த உடம்பு, நீளக் கால். வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் கதைக்க மாட்டான். மாசி மாதம் முதலாம் வருடப் பெடியன்களில் முப்பது பேரைத் தெரிவுப் பயிற்சிக்குக் கூப்பிட்டபோது அவன் பெயரும் பட்டியலில் இருந்தது. முப்பதில் கடைசியாக அணிக்குள் போகப்போவது ஐந்தாறு பேர். இடது ஓரத்தில் விளையாடிய சீனியர் படிப்பு முடித்துப் போய்விட்டதால் அங்கே ஓர் இடம் காலி. அந்த ஓர் இடத்துக்கு நாலு பேர் வந்தார்கள். இரண்டு பேர் முதல் வாரத்திலேயே வெயிலுக்கு வணக்கம் சொல்லிவிட்டு நின்றுவிட்டார்கள். மிஞ்சியது நிருஷனும் செந்தூரனும்.

செந்தூரன் அரியாலைப் பெடியன். வேகத்தில் நிருஷனுக்குப் பக்கத்தில் வரமாட்டான். ஆனால் தொண்ணூறாவது நிமிடத்திலும் முதல் நிமிடம் மாதிரியே ஓடுவான், ஓடிக்கொண்டே பகிடியும் விடுவான். வகுப்பு முடிந்து நாலு மணிக்குப் பயிற்சி தொடங்கும். பங்குனி வெயில் நாலு மணியிலும் அசையாது. ஆறு மணிக்குப் பயிற்சி முடிந்ததும் செந்தூரன் சைக்கிளை எடுத்தானென்றால் அரைமணித்தியாலத்தில் வீட்டில் குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவான். நிருஷன் அந்த நேரம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பான். இருக்க இடம் கிடைத்தால் அவனுடைய அதிர்ஷ்டம்.

முதல் வாரத்தில் நிருஷன்தான் முன்னுக்கு நின்றான். சேரே ஒருநாள் என்னிடம் வந்து, உவன் எந்த ஊர் என்று விசாரித்தார். சேர் ஊரை விசாரித்தால் அது சின்ன விசயமில்லை. என் ஊர் கொடிகாமம் என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது.

இரண்டாவது வாரத்தில் இருந்து பெடியன் சோர்ந்துபோனான். முதல் அரைமணி நேரம் பழைய வேகம் இருக்கும். பிறகு கால் பின்னும். தண்ணீர் குடிக்க வருகிறவன் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்து நிற்பான். ஒருநாள் பூட்சைக் கழற்றிவிட்டு அங்கேயே சாய்ந்து நித்திரையாகிவிட்டான். பக்கத்தில் கிடந்த அவனுடைய செருப்பில் மணல் அப்பியிருந்தது. எங்கள் மைதானம் செம்மண், மணலுக்கு இடமில்லை. எழும்பியதும் இது எங்கத்தை மணல் என்று கேட்டேன். செருப்பைத் தட்டிக்கொண்டே அவன் பதாகைக் கதையைச் சொன்னான்.

எங்கள் பக்கத்தில் எதற்கும் பதாகை. பிள்ளை புலமைப்பரிசில் சோதனையில் பாஸ் பண்ணினாலும் பதாகை, கனடாவில் இருந்து ஒருவர் வந்து இறங்கினாலும் பதாகை, செத்தாலும் பதாகை. இதில் எனக்கு எப்போதும் எரிச்சல்தான், நிருஷனின் கதையைக் கேட்டபிறகு அது இன்னும் கூடிவிட்டது. தெரிவுப் பயிற்சிக்குக் கூப்பிட்ட கடிதம் வந்த அன்று அவன் சந்தோசத்தில் அதைப் படம் எடுத்து வாட்சப்பில் ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறான். அவன் செய்த ஒரே பிழை அது. ஊர் விளையாட்டுக் கழகத்துச் செயலாளர் ஜெயசுதன் அதைப் பார்த்தார். கடிதத்தின் தலைப்பையும் பெயரையும் பார்த்தவர் நடுவில் இருந்ததைப் படிக்கவில்லை. லண்டனில் இருக்கிற கழகத்துப் பழைய ஆட்களுக்கு அனுப்பினார், அவர்களும் காசு அனுப்பினார்கள். அடுத்தநாள் பின்னேரம் சந்தியில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே பன்னிரண்டு அடிப் பதாகை ஏறிவிட்டது. பல்கலைக்கழக அணிக்குத் தெரிவாகி எமது மண்ணுக்குப் பெருமை சேர்த்த செல்வன் நாகலிங்கம் நிருஷனை வாழ்த்துகிறோம். உயர்தரச் சோதனை எடுத்தபோது அடையாள அட்டைக்குப் பிடித்த படத்தில் அவன் முழிசிக்கொண்டு நின்றான். கீழே வாழ்த்துகிறவர்களின் படங்கள் வரிசையாக, எல்லோரும் கோட் போட்டபடி.

இன்னும் அணிக்கு எடுபடவில்லை, இது பயிற்சிக்குக் கூப்பிட்டது மட்டும்தான் என்று நிருஷன் ஜெயசுதனிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். அதுக்கென்ன, எப்படியும் எடுபடுவாய்தானே என்று அவர் முதுகில் தட்டி அனுப்பிவிட்டார். ஊர் நாலு நாளில் நம்பிவிட்டது. கடைக்காரர் சோடா உடைத்துக் கொடுத்தார். எந்த நாள் மட்ச், ரீவியில் காட்டுவார்களா என்று சந்நிதிக் கோயிலுக்கு வருகிற சனமெல்லாம் கேட்டது. அதற்குமேல் அவனால் அந்தச் சந்தியைத் தாண்ட முடியவில்லை.

சந்தியில் இறங்கினால் வீடு ஐந்து நிமிட நடை. அவன் யாழ்ப்பாணத்தில் இருந்து வரும்போது ஒரு தரிப்பு முந்தியே இறங்கி, கடற்கரைக்குப் போய், மணலில் சுற்றி நடந்து, வீட்டின் பின்பக்கத்தால் ஏறத் தொடங்கினான். காலையிலும் அதே வழிதான். விடியும்போது செருப்பைக் கையில் பிடித்தபடி மணலில் அரைமணித்தியாலம் நடந்து, முந்தின தரிப்பில் பஸ் ஏறுவான். கழகத்துப் பெடியன்களைச் சந்திப்பதையும் விட்டுவிட்டான். ஃபேஸ்புக்கையும் மூடிவிட்டான். எடுபட்ட அன்றைக்குத்தான் சந்தியால் போவேன் என்று என்னிடம் சொன்னான். அதைச் சொல்லும்போது அவனுக்கு அழுகை வந்துவிட்டது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

காலை ஒரு அரைமணி, மாலை ஒரு அரைமணி, கால் புதையும் மணலில். நடுவில் இரண்டு மணித்தியாலப் பயிற்சி. இரண்டு பஸ் பயணம். நான் இதைச் சேரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதே என்று அவன் கேட்டான், நானும் சொல்லாமல் விட்டேன். இப்போது நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது.

செந்தூரனுக்கு முழுக்கதை தெரியாது. தூரத்தில் இருந்து வருகிறான் என்பது மட்டும் தெரியும். தெரிவு முடியும் வரைக்கும் எங்கடை வீட்டிலேயே நில் என்று அவன் இரண்டு தரம் கேட்டுப் பார்த்தான். நிருஷன் மாட்டேன் என்றுவிட்டான். ஆளோடு போட்டி போட்டுக்கொண்டு ஆளின் வீட்டுச் சோற்றைத் தின்ன அவனுக்கு மனம் வரவில்லையாம். அது ரோசமா விசர்த்தனமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

கடைசிநாள் மிஞ்சியிருந்தவர்களை இரண்டாகப் பிரித்து முழு ஆட்டம் வைத்தார்கள். நிருஷன் ஒரு பக்கம், செந்தூரன் மற்றப் பக்கம். இடைவேளைக்கு முன் நிருஷன் ஒரு கோல் போட்டான். மூன்று பேரை வெட்டிக்கொண்டு கரையோரமாகப் போய், கீப்பரின் காலுக்கு நடுவால் தட்டிவிட்டான். அந்தக் கீப்பர் நான்தான். கோல் வாங்கி அன்றைக்கு மாதிரி நான் ஒருநாளும் சந்தோசப்பட்டதில்லை.

இடைவேளைக்குப் பிறகு இருபது நிமிடம் தாக்குப்பிடித்தான். பிறகு அவன் பக்கமாக உருண்டு வந்த ஒரு பந்துக்கு ஓட வெளிக்கிட்டவன், ஓடாமல் அப்படியே முழங்காலில் விழுந்தான். கெண்டைக்கால் பிடித்து இழுத்துவிட்டது. செந்தூரன்தான் முதலில் ஓடிவந்தான். அவனைப் படுக்க வைத்து, காலைத் தூக்கித் தன் நெஞ்சில் முட்டுக்கொடுத்து, பாதத்தை மெல்ல மடக்கிப் பிடித்தான். நோவில் நிருஷன் மண்ணைப் பிறாண்டினான். கோட்டுக்கு வெளியே நின்ற சேர் பட்டியலில் ஏதோ எழுதினார். செந்தூரனின் நெஞ்சில் கிடந்த காலோடு நிருஷன் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

அடுத்தநாள் நாலு மணிக்குப் பட்டியல் ஒட்டினார்கள். இடது ஓரத்துப் பதினொன்றாம் இலக்கத்துக்கு நேரே செந்தூரன். மாற்று ஆட்களிலும் நிருஷன் இல்லை. அதில் என் பெயர் இருந்தது, வழக்கம்போல. செந்தூரன் தன் பெயரைப் பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் நின்றான். சேர் என்னிடம் மட்டும் காரணம் சொன்னார்.

"உவனுக்கு வேகம் கிடக்கு, கால் இல்லை. கடைசி அரைமணித்தியாலம் நிண்டுபோறான். நான் என்ன செய்யிறது?"

அப்போதுகூட நான் வாயைத் திறக்கவில்லை. திறந்து இனி என்ன பிரயோசனம் என்று நினைத்தேன். உண்மையில் எனக்கும் களைத்துப்போயிருந்தது.

நிருஷன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தான்.

"கஜீபன் அண்ணை, ஒருக்கா எங்கடை வீட்டை வாறியளே? இண்டைக்குச் சந்தியாலை போகவேணும். தனியப் போக ஏலாமல் கிடக்கு."

எடுபட்டால் சந்தியால் போவேன் என்றவன் எடுபடாத அன்று ஏன் போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மணலில் நடக்க அவனுக்கு இனிக் கால் இல்லை, அவ்வளவுதான். நான் சரி என்றேன். பஸ்ஸில் இருவருக்கும் இடம் கிடைத்தது. சந்நிதி தாண்டும்போது அவன் கண்ணை மூடிக்கொண்டான், கும்பிட்டானா என்று தெரியவில்லை. அவன் வழமையாக இறங்கும் தரிப்பு வந்தது, போனது. சந்தியில் இறங்கினோம். பொழுது இன்னும் மறையவில்லை.

பதாகை இல்லை. இரண்டு கம்பங்களிலும் நைலோன் கயிற்றுத் துண்டுகள் மட்டும் முடிச்சோடு தொங்கின. நிருஷன் கம்பத்துக்குக் கிட்டப் போய் அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தான். கயிறு வெயிலில் வெளிறிப் போயிருந்தது. நேற்று முந்தநாள் அறுத்த கயிறு அப்படி வெளிறாது. அது எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கியது.

வீட்டு முற்றத்தில் நாகலிங்கம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மற்ற வலைகளைக் குவித்து, மேலே ஒரு பெரிய விரிப்பால் மூடி, நாலு மூலைக்கும் கல் வைத்திருந்தது. விரிப்பின் வெள்ளைப் பக்கம் மேலே இருந்தது. காற்றில் ஒரு மூலை கிளம்பியபோது அடியில் கோட் போட்ட ஒருவரின் முகம் தெரிந்தது.

"அப்பா, நான் எடுபடேல்லை," என்றான் நிருஷன்.

அவர் ஊசியைக் கீழே வைத்தார். மகனையும் என்னையும் பார்த்தார். இருங்கோ தம்பி என்று எனக்குக் கதிரையைக் காட்டினார். நிருஷன் இருக்கவில்லை. அந்த விரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். எப்ப அவிழ்த்தது என்று கேட்டான்.

"அது கட்டின அடுத்த கிழமையே அவிட்டுப்போட்டன். விடியப்பறம் கரைக்கு வரேக்கை, செருப்பைக் கையிலை பிடிச்சுக்கொண்டு நீ மணலுக்கை போறதைக் கண்டனான். ரெண்டு நாள் கண்டன். சந்தியாலை போக உனக்கு வெக்கமாக் கிடக்கெண்டு விளங்கிச்சுது. ஜெயசுதனோடை சண்டை பிடிச்சுத்தான் இறக்கினனான்."

தகப்பன் மீண்டும் கதைத்தார், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி.

"அதுக்குப் பிறகும் நீ கடற்கரையாலைதான் போனாய். பயிற்சிக்காக மணலிலை நடக்கிறாயாக்கும் எண்டு நினைச்சன். கால் உரப்படும் எண்டு கொம்மாவுக்கும் சொன்னனான்."

நிருஷன் அப்படியே மண்ணில் குந்திவிட்டான். மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் இல்லாத பதாகையைச் சுற்றி அவன் மணலில் நடந்திருக்கிறான். அதைக் கடலில் இருந்து தகப்பன் ஒவ்வொரு விடியலிலும் பெருமையோடு பார்த்திருக்கிறார்.

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அப்பா," என்றான் நிருஷன்.

"நீயும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்," என்றார் நாகலிங்கம்.

அதில் கோபம் இருக்கவில்லை. அவர் எழும்பி வந்து மகனுக்கு முன்னால் குந்தி, பிடித்து இழுத்த அந்தக் காலை எது என்று கேட்காமலே கண்டுபிடித்து, கெண்டையைக் கையால் அழுத்தினார். நிருஷன் தலையைக் குனிந்துகொண்டான். தாய் இரண்டு சாப்பாட்டுக் கோப்பைகளில் சோறும் மீன்குழம்பும் கொண்டுவந்து வைத்தார். நான் சாப்பிட்டேன். அவனும் கொஞ்ச நேரம் கழித்துச் சாப்பிட்டான்.

கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று சொல்லிக்கொண்டு நான் புறப்பட்டேன். சந்தி வரைக்கும் நடந்துதான் வந்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.