குண்டூசி குதித்த காலை

தையல்காரருக்கு இளவயதில் 'ஊசி' என்று பெயர். அத்தனை ஒல்லி. மெஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து தொப்பை விழுந்ததும் கூட்டாளிகள் அதற்கு முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்து 'குண்டூசி' ஆக்கிவிட்டார்கள். அவரும் சிரித்தார். மாடிப்படி ஏறும்போது மூச்சு இரைக்க ஆரம்பித்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

"தினமும் நடங்க" என்றார் டாக்டர்.

தெருவில் இறங்கினால் நடக்கவா விடுகிறார்கள்? "அண்ணே, என் பேன்ட் என்னாச்சு?" என்று ஆளுக்கு ஆள் மறித்தார்கள். "நாளைக்கு" என்று சொல்லியே அவருக்கு வாய் வலித்தது. கடைசியில் மனைவி ஒரு ஸ்கிப்பிங் கயிறு வாங்கி வந்து கொடுத்தாள்.

கீழ்வீட்டில் ஓர் இளந்தாய் கைக்குழந்தையோடு இருந்தாள். எப்போது குதிக்கலாம் என்று அவளிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டார்.

"பாப்பா முழிச்ச பிறகு குதிங்கண்ணே. அப்புறம் இடியே விழுந்தாலும் அவளுக்குக் கவலையில்ல."

நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டுக் கூடத்தில் தொடங்கினார். கயிறு சுற்றினால் இவர் நிற்பார். இவர் குதித்தால் கயிறு நிற்கும். விடாமல் முயன்றதில் தாளம் கூடி வந்தது, மூச்சும் கட்டுக்குள் வந்தது.

ஒருநாள் காலை குதித்துக்கொண்டிருந்தபோது கீழே 'தடால்' என்று பெருஞ்சத்தம். தொடர்ந்து அந்தப் பெண்ணின் அலறல்.

கையில் கயிறோடு அப்படியே ஓடினார். கீழ்வீட்டுக் கட்டில் முழுக்கக் கூரையிலிருந்து பெயர்ந்து விழுந்த காரைக்கட்டிகள். தலையணையைக் காணவில்லை.

"பாப்பா எங்கம்மா?"

அவள் குளியலறைப் பக்கம் கையைக் காட்டினாள். பிளாஸ்டிக் தொட்டியில் உடம்பில் பாதி சோப்பு நுரையோடு உட்கார்ந்து குழந்தை தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தது. தையல்காரர் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான்தாம்மா... என் கனம் தாங்காமத்தான்..."

வீட்டுக்காரர் கொத்தனாரை அழைத்து வந்தார். கொத்தனார் ஒரு கம்பால் கூரையை லேசாகத் தட்டினார். மிச்சக் காரையும் பொலபொலவென்று கொட்டியது. உள்ளே கம்பிகள் துருவேறி உப்பியிருந்தன.

"சுவருக்குள்ள போற குழாய் ரொம்ப நாளா கசிஞ்சிருக்கு. நீங்க குதிச்சாலும் விழும், குதிக்கலன்னாலும் விழும். கட்டில்ல ஆள் இல்லாத நேரமா விழுந்துச்சே, அதைச் சொல்லுங்க."

"பாப்பா எந்திரிச்சப்புறம்தானே அண்ணன் குதிப்பாரு!" என்றாள் அந்தப் பெண். சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை உடைந்து வந்தது. தையல்காரரின் மனைவி அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

செலவு தன்னுடையது என்று வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார். வேலை முடியும்வரை தாயும் பிள்ளையும் மாடியில் தங்கினார்கள். அன்று பிற்பகல் வெட்டுத்துணிகளை மெத்தையாக அடுக்கிக் குழந்தையைப் படுக்க வைத்தார்கள். மெஷினை மிதித்தால் விழித்துவிடும். தையல்காரர் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். சின்ன வயிறு ஏறி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் தூங்கிப்போனார்.