கேற்றடித் தேத்தண்ணி

அவித்த முட்டை வாசம் வந்தால் உங்களுக்குக் காலைச் சாப்பாடு நினைவுக்கு வரலாம். எனக்கு அம்மா நினைவுக்கு வருவார். முட்டையும் வெள்ளரிக்காயும் ஈரக் கம்பளியும் கலந்த ஒரு குளிர்ந்த வாசம் பின்னேரங்களில் முன்கதவால் உள்ளே வந்து, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, "பிள்ளை, தேத்தண்ணிக்குக் கேத்திலை வை" என்று சொல்லும். வாசத்துக்குப் பின்னால்தான் அம்மா வருவார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கோலியர்ஸ் வுட்டில் ஆற்றோரமாக இருந்த ஒரு சான்ட்விச் தொழிற்சாலையில் அம்மாவுக்கு வேலை. லண்டனின் கோட்டு சூட்டுக்காரர்கள் மத்தியானத்தில் முக்கோணமாகப் பசியாறப் பழகிக்கொண்டிருந்தார்கள். அந்த முக்கோணங்களை அடுக்கிய கைகளில் பாதி யாழ்ப்பாணத்துக் கைகள். இறைச்சியும் முட்டையும் பழுதாகக்கூடாது என்பதற்காக அந்த மண்டபத்தையே ஒரு பெரிய "பிரிஜ்" போல வைத்திருந்தார்கள். உள்ளே நிற்கிறவர்கள் பழுதாவதைப் பற்றி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

நாங்கள் இருந்த வீட்டில் கீழே அம்மாவும் நானும். மேலே மலர் அன்ரி, சிவம் அங்கிள், என் வயதுடைய வாணி. குசினி எல்லோருக்கும் பொது. அப்பாவை ஊரில் பிடித்துக்கொண்டு போனவர்கள் திருப்பித் தரவில்லை. ஆகவே லண்டனில் எங்களுக்கென்று இருந்த சொந்தபந்தம் அவ்வளவும் ஒரு மாடிப்படியின் உயரத்தில் முடிந்துவிட்டது. மலர் அன்ரியும் அம்மாவும் ஒரே வெள்ளைக் கோட்டுப் போட்டு, ஒரே பஸ்ஸில் போய், ஒரே முட்டையை உரித்துவிட்டு வருவார்கள். நான் கீழிருந்து வீடு கூட்டுகிற "தும்புத்தடி"யால் சீலிங்கைத் தட்டினால் வாணி மேலிருந்து குதிக்காலால் பதில் தட்டுவாள். எனக்கு இருந்த ஒரே சிநேகிதி அவள்தான். சிநேகத்தின் பெரும்பகுதி அவளுடைய குதிக்காலோடு.

அந்த வருடம் தொழிற்சாலைக்கு ஒரு புது மனேஜர் வந்தார். பின்னேரத் தேநீர் இடைவேளை இனிக் கிடையாது என்றார். விறைத்த விரல்களைக் கோப்பையில் சுற்றிச் சூடேற்றிக்கொள்ள அந்தச் சனத்துக்கு இருந்த நேரம் அது ஒன்றுதான். பாண் வெட்டும் பகுதியில் வேலை செய்த டொரீன் என்ற ஜமெய்க்காக்காரி யூனியன் ஆள். அவர் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தார். பாதிப் பேர் பின்னால் போனார்கள். அம்மாவும் போனார். மலர் அன்ரி போகவில்லை.

அன்று இரவு மலர் அன்ரியும் அம்மாவும் சமைக்கும்போது நான் குசினி மேசையில் வீட்டுப்பாடம் செய்வதுபோல இருந்தேன்.

"அக்கா, உங்களுக்கு அகதிப் பேப்பர் வந்திட்டுது. நீங்கள் ரோட்டில நிண்டாலும் ஒருத்தரும் ஒண்டும் கேளாங்கள். எங்கட கேஸ் இன்னும் கிடக்கு. குழப்பக்காரர் எண்டு திருப்பி அனுப்பினால் இந்தப் பிள்ளையோட எங்க போறது?"

"நான் உன்னை வரச் சொன்னனானே? நீ வேலைக்குப் போ."

"ஒண்டும் நினைக்கமாட்டியளே?"

"நினைக்க எனக்கெங்க நேரம்? கறியைக் கிளறு, அடிப்பிடிக்குது."

விஷயம் அத்தோடு முடிந்தது என்று நான் நம்பினேன். சிறுவயதிலிருந்தே எனக்கு எதிர்காலத்தைக் கணிக்கும் ஆற்றல் அப்படி.

ஈஸ்டர் விடுமுறை என்பதால் அம்மா என்னையும் தொழிற்சாலை வாசலுக்கு, கேற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். இன்னொரு கையில் "அமத்துற பிளாஸ்க்". செம்மஞ்சள் பூப் போட்டது, தலையில் அமத்தினால் "புஸ்" என்று மூச்சுவிட்டுத் தேநீர் தருவது. ஊர் ஆட்கள் வந்தால் வேணும் என்று சவுத்தால் கடைத்தெரு வரைக்கும் போய் வாங்கியது. லண்டனில் எங்கள் வீட்டுக்கு ஊர் ஆட்கள் கூட்டமாக வந்ததேயில்லை என்பதால் அது புதிதாகவே இருந்தது. கூடவே ஒரு பை நிறைய வீட்டுக் கோப்பைகள். பேப்பர்க் கோப்பை போதுமே என்று நான் சொன்னதற்கு, "பேப்பரில ஆரடி மனிசருக்குத் தேத்தண்ணி குடுக்கிறது?" என்று கேட்டார்.

வேலைநிறுத்தம் என்றால் உள்ளே போகிறவர்களைப் பார்த்துச் சத்தம் போடவேண்டும். இதை டொரீன் எல்லோருக்கும் விளங்கப்படுத்தியிருந்தார். அம்மாவுக்கு விளங்கியது வேறு. கேற்றடிக்குத் தெரிந்த சனம் வருகிறது. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடாமல் விடுவது எப்படி? "வாங்கோ தம்பி, குளிருக்கை வாறியள், ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்கோ" என்று வேலைக்குப் போகிறவர்களை வழிமறித்து இஞ்சித் தேத்தண்ணி ஊற்றத் தொடங்கினார். டொரீனின் முகம் கறுத்து, சிவந்து, வேறு நிறங்களையும் தேடியது. உன் அம்மா எந்தப் பக்கம் என்று கேள் என்றார் என்னிடம்.

நான்தான் மொழிபெயர்ப்பாளர். "அம்மா, டொரீன் அன்ரி தனக்கு இன்னொரு கோப்பை கேக்கிறா" என்றேன்.

"பாவம், தொண்டை கட்டிப்போச்சு. இஞ்சி கூட விழுந்ததாக் குடு."

டொரீனிடம், அம்மா உங்கள் பக்கம்தானாம் என்றேன். டொரீன் குடித்தார்.

அதற்குள் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஆட்களிடையே நீட்டிய தேநீரை மறுத்தால், இனி உன் வாசல் மிதிக்கமாட்டேன் என்று சொன்ன மாதிரி. அதனால் எல்லோரும் வாங்கினார்கள். வாங்கியது வீட்டுக் கோப்பை. அதை உள்ளே கொண்டுபோக முடியாது, பாதியில் திருப்பிக் கொடுப்பது மரியாதையில்லை, தேநீரோ கொதிக்கக் கொதிக்க. ஆகவே ஊதி ஊதிக் குடித்தபடி வரிசையில் நின்றார்கள். உள்ளே பெல்ட்டை ஓட்ட ஆளில்லை. மனேஜர் ஜன்னலால் எட்டிப் பார்த்தார். டொரீன் அம்மாவைப் புதுக் கண்ணால் பார்த்தார். அடுத்த நாள் ஒரு பெரிய பால் கலனைத் தானே கொண்டுவந்தார்.

டெட்ராய்ட்டில் கார் தொழிற்சாலையில் வேலை செய்த தன் மாமாவைப் பற்றி டொரீன் எனக்குச் சொன்னது அந்த நாட்களில்தான். அங்கே வேலைநிறுத்தம் என்றால் தெருப் பெண்கள் எல்லாம் சேர்ந்து அண்டா அண்டாவாகச் சூப் காய்ச்சி வாசலுக்குக் கொண்டுபோவார்களாம். சூப் இருக்கும்வரைக்கும் ஸ்ட்ரைக்கும் இருக்குமாம். வாசலில் நின்றவர்களைத் தாண்டி உள்ளே வேலைக்குப் போனவனுக்கு மட்டும் சூப் இல்லை. பிறகு சாகும்வரைக்கும் ஒரு "குட் மோர்னிங்"கூட இல்லை. மாமாவின் பக்கத்துவீட்டுக்காரன் அப்படிப் போனவன். அவன் செத்தபோது பெட்டியைத் தூக்கத் தெருவில் ஒருவரும் போகவில்லையாம். டெட்ராய்ட் எங்கள் பக்கத்து ஸ்ட்ரெதம் தாண்டி எங்கோ ஒரு பஸ் தரிப்பு என்று நினைத்திருந்த நான், இதை அப்படியே அம்மாவுக்குச் சொன்னேன்.

"செத்தவீட்டுக்கும் போகேல்லையாமோ?" அம்மா பிளாஸ்க்கை அமத்துவதை நிறுத்திவிட்டார். "சீ. என்ன சனமப்பா."

ஒரு காலை கேற்றுக்கு உட்புறம் சூப்பர்வைசர் நின்றார். வெளியே தேநீர் வாங்குகிறவர்கள் அப்படியே வீட்டுக்குப் போகலாம் என்று உத்தரவு. தேநீர் இடைவேளைக்காகத் தொடங்கிய சண்டை தேநீரையே தடைசெய்வதில் வந்து நின்றது. சிரிப்பதற்குத்தான் அங்கே ஆளில்லை. எங்கள் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு, சப்பாத்து நூலைப் பார்த்தபடி அம்மாவைக் கடந்து போனார்கள். அம்மா ஒவ்வொருவருக்கும் நீட்டினார். ஒவ்வொருவரும் போன பிறகு "பாவங்கள்" என்றார்.

கடைசியாக மலர் அன்ரி வந்தார்.

"இந்தா மலர்."

மலர் அன்ரி கோப்பையைப் பார்த்தார். சூப்பர்வைசரைப் பார்த்தார்.

"வேண்டாம் அக்கா."

"ஒரு வாய்."

"வேண்டாமெண்டால் விடுங்கோவன்!"

அந்தக் குரல் தெரு முழுக்கக் கேட்டது. அவர் உள்ளே போய்விட்டார். அம்மா கோப்பையைப் பிடித்தபடியே நின்றார். கையை இறக்க மறந்துவிட்டார் என்று நினைத்து, "அம்மா, ஆறிப்போச்சு" என்றேன். கேற்றுத் தூணின் அடியில் மெதுவாக ஊற்றினார். மலர் அன்ரிக்கு மட்டும் அவர் "பாவம்" சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேலே உள்ளவர்கள் சமைத்து முடிந்த பிறகு அம்மா சமைக்கப் போனார். அம்மாவின் சத்தம் கேட்டால் அவர்கள் படியில் நின்றுவிட்டார்கள். நான் தும்புத்தடியால் தட்டினேன். வாணியின் காலடி அறையின் மறுபக்கத்துக்குப் போவது கேட்டது. விடாமல் தட்டியதில் சீலிங் பூச்சு உதிர்ந்து என் கண்ணுக்குள் விழுந்தது. அழுவதற்குச் சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரு காரணம் கிடைத்தது. பள்ளிக்கூடம் தொடங்கியபோது அவள் தெருவின் அந்தப் பக்கத்தால் நடந்தாள், நான் இந்தப் பக்கத்தால். டெட்ராய்ட் உண்மையிலேயே பக்கத்தில்தான் இருந்திருக்கிறது.

வேலைநிறுத்தம் வென்றது என்றுதான் சொல்லவேண்டும். இடைவேளை திரும்பி வந்தது, கொஞ்சம் சுருங்கி. அதில் மலர் அன்ரியும் தேநீர் குடித்தார், வேறு மேசையில்.

கோடையில் அவர்கள் கனடாவுக்குப் புறப்பட்டார்கள். சிவம் அங்கிளின் தமையன் ரொறன்ரோவில் இருந்தார். மினிகாப் கார் வாசலில் நின்றது. அம்மா குசினியிலிருந்து பிளாஸ்க்கோடு வந்தார், நிறைய ஊற்றி.

"எயார்போட்டில எல்லாம் நெருப்பு விலை. பிடி."

மலர் அன்ரி கையில் இருந்த பையைக் கீழே வைத்தார். பிளாஸ்க்கை இரண்டு கையாலும் வாங்கினார். அதை விடாமல் பிடித்தபடி காரில் ஏறினார். வாணி கண்ணாடியில் விரலால் தட்டினாள். என் கையில் தும்புத்தடி இருக்கவில்லை. நான் எங்கள் வீட்டுக் கேற்றைத் தட்டினேன். அவளுக்குக் கேட்டிருக்காது.

"பிளாஸ்க் போயிட்டுதே அம்மா" என்றேன்.

"போகட்டும். என்ர கையால வாங்கினவள்தானே."

இப்போது அந்தத் தொழிற்சாலை இல்லை. அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். கேற் இருந்த இடத்தில் அட்டையைக் காட்டினால் திறக்கிற கண்ணாடிக் கதவு. டொரீன் ஓய்வு பெற்று எங்கோ கடற்கரைப் பக்கம் போனதாகக் கேள்வி. கனடாவிலிருந்தும் இங்கிருந்தும் இத்தனை வருடமாக ஒரு போன் இல்லை. போன மாரியில், மலர் அன்ரி மோசம்போய்விட்டார், செத்தவீடு அடுத்த கிழமை என்று யாரோ அனுப்பிய செய்தி என் போனில் விழுந்தது. எழுபதைக் கடந்த, ஸ்ட்ரெதம் போவதற்கே முழங்காலைத் திட்டுகிற அம்மா, செய்தியைக் கேட்டுவிட்டுச் சொன்னது ஒன்றுதான்: "ரிக்கெற்றைப் போடு."

ரொறன்ரோவில் அந்தச் செத்தவீட்டுக் குசினிக்குள் நான் கள்ளன்போல அலமாரிகளைத் திறந்து பார்த்தேன். செம்மஞ்சள் பூவைக் காணவில்லை. வாணியிடமே கேட்டேன். நல்ல உயரமாக, நரைத்து, களைத்துப்போய் இருந்தாள். "எந்தப் பிளாஸ்க்?" என்றாள். சீலிங் தட்டியதைச் சொன்னேன். மரியாதையாகச் சிரித்தாள், நினைவில்லாதவர்கள் சிரிக்கும் சிரிப்பு. பிறகு அம்மாவிடம் ஒரு பேப்பர்க் கோப்பையில் தேநீர் கொண்டுவந்து நீட்டினாள்.

அம்மா இரண்டு கையாலும் வாங்கினார். ஊதி ஊதி, அடிவரைக்கும் குடித்தார். பிறகு கோப்பையைக் கழுவி வைக்க எழும்பி, தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

"தாங்கோ அன்ரி" என்று வாணி அதை வாங்கி, கசக்கி, குப்பைக்குள் போட்டாள்.