அக்கா, காரிலை ஏறுங்கோ

டென்மார்க்கிலை ஒரு தமிழ் மனிசி தெருக்கரையாலை நடந்து போகக்கூடாது. சட்டம் ஒண்டும் இல்லை. ஆனால் எங்கடை சனம் விடாது. பகிடிக்குச் சொல்லேல்லை, வயித்தெரிச்சலிலை சொல்லுறன்.

ஹேர்னிங்கிலை இருந்து கொஞ்சம் தள்ளி, பற்றை வெளிக்கு நடுவிலை இருக்கிற ஒரு சின்ன ரவுணிலை நாங்கள் கனகாலமாய் இருக்கிறம். எனக்கு வயோதிபர் இல்லத்திலை வேலை. ஆக்களைத் தூக்கித் தூக்கி என்ரை வலது முழங்கால் தேஞ்சுபோச்சுது. ஆபரேஷன் செய்து புதுசு பூட்டினவை. அதுக்கு முதல்நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலிலை கிடந்து, பயத்திலை ஒரு நேர்த்தி வைச்சன். "முருகா, நான் திரும்பி ஒழுங்காய் நடந்தால், உன்ரை தேருக்கு என்ரை வாசலிலை இருந்து உன்ரை வாசல்வரைக்கும் நடந்து வருவன். உன்ரை ரவுணுக்குக் கிட்ட வந்தவுடனை வெறுங்காலோடை வருவன். இடையிலை ஒரு வாகனத்திலையும் ஏறமாட்டன்."

கோயில் பக்கத்து ரவுணிலை. காரிலை அரை மணித்தியாலம்கூட இல்லை. நடந்தால், விடிய வெளிக்கிட்டால் மத்தியானம் ஆகும். முருகன் காலைத் தந்திட்டார். இனி நான் என்ரை பங்கைச் செய்யவேணும். எனக்கு அவ்வளவுதான் கணக்கு.

கால் தேறினவுடனை பழகுவமெண்டு பின்னேரங்களிலை றோட்டுக்கரையாலை நடக்கத் தொடங்கினன். அப்பதான் தொடங்கினது கோதாரி. முதல்நாளே ஒரு கார் பிரேக் அடிச்சு நிண்டுது. "அக்கா, என்ன நடந்து போறியள்? கார் பழுதோ? ஏறுங்கோ." இல்லைத் தம்பி, சும்மா நடக்கிறன் எண்டன். "சும்மா ஏன் நடக்கிறியள்?" எண்டு கேட்டுது பொடி. நான் என்ன சொல்லுறது? அடுத்தநாள் வேறை கார். அதுக்கடுத்தநாள் வேறை. ஒருத்தி காரை நிப்பாட்டி, குரலைத் தாழ்த்தி, "அக்கா, லைசென்ஸைப் பறிச்சுப்போட்டாங்களோ?" எண்டு கேட்டாள். இன்னொருத்தர் நேரை என்ரை மனிசனுக்கே போன் எடுத்து, "வீட்டிலை ஏதும் பிரச்சினையோ அண்ணை? அக்கா தனிய நடந்து போறதைக் கண்டன்" எண்டு விசாரிச்சிருக்கிறார். இஞ்சத்தை வெள்ளைக்காரர் நாயோடையும் தடியோடையும் மைல் கணக்கிலை நடக்கினம். அவையைப் பார்த்து ஆரும் குடும்பத்திலை பிரச்சினையோ எண்டு கேக்கிறேல்லை. எங்கடை மனிசி கால் எடுத்து வைச்சால் மட்டும் குடும்பம் பிரிஞ்சுபோச்சுது!

என்ரை மனிசனுக்கு மானம் போச்சுது. "வீட்டு வாசலிலை ரெண்டு கார் நிக்குது. நீர் அநாதை மாதிரி றோட்டாலை போறீர். உமக்கென்ன விசரோ?"

"நேர்த்தியப்பா."

"நேர்த்தியெண்டால் ஆக்கள் இல்லாத இடத்திலை நடவும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அண்டைக்கு அந்தாள் தானே தேத்தண்ணி போட்டுக் குடிச்சார். ஆனால் அந்தச் சொல்லாலைதான் எனக்கு வழி கிடைச்சுது. என்னோடை வேலை செய்யிற டேனிஷ் மனிசி ஒருத்தியிட்டை இதைச் சொல்லிப் புலம்பினன். அவள் சிரிச்சுப்போட்டு, அடுத்த சனிக்கிழமை என்னை ரவுணுக்குப் பின்னாலை கூட்டிக்கொண்டு போனாள். அங்கை பழைய ரயில் பாதை. தண்டவாளத்தைக் கழட்டிப்போட்டு, நடக்கிறவைக்கும் சைக்கிள்காரருக்கும் எண்டு விட்டிருக்கினம். அது நேரை பற்றை வெளிக்குள்ளாலை கோயில் ரவுண் பக்கம் போகுது. ஒவ்வொரு பிரிவிலையும் நடக்கிற மனிசன் கீறின சின்னப் பலகை. அந்தப் பலகையைப் பிடிச்சுக்கொண்டு போனால் நாள்கணக்கிலை நடக்கலாமாம். இத்தனை வருசமாய் இந்த ரவுணிலை இருந்து, கடையையும் வேலையையும் கோயிலையும் தவிர ஒண்டையும் நான் காணேல்லை எண்டு அண்டைக்குத்தான் விளங்கினது.

சந்தோசமாய் நடந்தன், அதையும் சொல்லத்தான் வேணும். மணல் பாதை முழங்காலுக்கு இதம். முழங்கால் உயரத்துக்குப் பற்றை, ஓகஸ்ட் வந்தவுடனை எல்லாம் ஊதாப் பூ. பொதியளைக் கட்டின சைக்கிளிலை தூர தேசத்து ஆக்கள் வருவினம், மணியை ஒருக்கால் அடிச்சு "ஹாய்" எண்டுபோட்டுப் போவினம். ஏன் நடக்கிறாய் எண்டு ஒரு சீவன் கேக்காது. அந்தப் பாதையிலை ஒரு தமிழ் முகத்தையும் நான் காணேல்லை. முருகனுக்கு அதுக்கும் ஒரு நன்றி சொன்னன்.

ஒரு குறைதான். கோயில் ரவுணுக்குக் கிட்டப் போக, மரப்பாலம் தாண்டினவுடனை பாதை முறிஞ்சு பெரிய றோட்டிலை ஏறுது. காருக்கு அகலமான றோட்டு. சைக்கிளுக்கு மற்றக் கரையிலை தனி ஒழுங்கை. நடக்கிறவனுக்கு? புல்லு! சைக்கிள் ஒழுங்கையிலை கால் வைச்சால் அவங்கள் மணி அடிக்கிறாங்கள், றோட்டிலை வைச்சால் லொறிக்காரன் ஹோர்ண் அடிக்கிறான். கொம்மூனுக்கு, அதுதான் இஞ்சத்தை நகரசபைக்கு, எழுதிக் கேட்டன். பாதை "பின்னொரு காலத்திலை" நீட்டப்படுமாம். என்ரை புது முழங்கால் அதுவரைக்கும் உழைக்குமோ தெரியாது.

தேர் நாள் வந்துது. மனிசன் அன்னதானச் சமையலுக்குப் பொறுப்பு, கிடாரங்களை ஏத்திக்கொண்டு விடியமுன்னமே கோயிலுக்கு வெளிக்கிட்டார். போகேக்கை, "ஆரும் கேட்டால் நான் என்ன சொல்லுறது?" எண்டு கேட்டார்.

"நடந்து வாறா எண்டு சொல்லுங்கோ."

"வெக்கக்கேடு" எண்டுபோட்டுக் கார்க் கதவை அடிச்சுச் சாத்தினார்.

நான் தோய்ஞ்சு, திருநீறு பூசி, பையுக்குள்ளை ஒரு சேலையும் அர்ச்சனைத் தேங்காயும் வைச்சுக்கொண்டு வெளிக்கிட்டன். விரதம், தண்ணிமட்டும்தான். பற்றை வெளி முழுக்கப் பனி, பிறகு வெயில். முழங்கால் ஒரு சொல் முறைப்பாடு சொல்லேல்லை. மரப்பாலத்தடியிலை சப்பாத்தையும் சொக்ஸையும் கழட்டிப் பையிலை கட்டினன். சைக்கிளிலை வந்த ஒரு வயதான டேனிஷ் சோடி நிண்டு என்ரை காலைப் பார்த்தினம். கோயிலுக்குப் போறன், நேர்த்தி எண்டு எனக்குத் தெரிஞ்ச மாதிரி டேனிஷிலை விளங்கப்படுத்தினன். அந்த மனிசன் தொப்பியைக் கழட்டி, "கோ தூர்" எண்டு, நல்ல பயணமாய் இருக்கட்டுமெண்டு சொல்லிப்போட்டுப் போனார். முன்னைப்பின்னை முருகனைத் தெரியாத மனிசன்.

பெரிய றோட்டிலை ஏறிப் புல்லாலை நடந்தன். கல்லுக் குத்தினது, கண்ணாலை தண்ணி வந்தது. துன்பத்திலை இல்லை, கிட்ட வந்திட்டன் எண்ட நினைப்பிலை. அப்ப பின்னாலை கிரீச்செண்டு ஒரு கார்.

ஓட்டினவர் எங்கடை கோயில் நிர்வாகத்திலை பெரியவர், எல்லாருக்கும் அண்ணை. பக்கத்திலை அவற்றை மனிசி. வெறுங்கால், அழுத கண், தலை கலைஞ்சு, கையிலை ஒரு பை. அவை தாங்களே முடிவெடுத்திட்டினம். அந்த அக்கா இறங்கி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடிச்சு, "ஐயோ தங்கச்சி, அழாதையும். எதெண்டாலும் கதைச்சுத் தீர்க்கலாம். வீட்டை விட்டு வெளிக்கிடுறதே?" எண்டு ஒப்பாரி வைக்கிறா.

"அக்கா, நான் நேர்த்திக்கு நடக்கிறன்."

"ஓமோம், முதல் காரிலை ஏறும்."

பின்னாலை ஒரு லொறி நிண்டு அலறுது. அண்ணை, "றோட்டிலை நிண்டு கதைக்க ஏலாது, கெதியாய் ஏறுங்கோ தங்கச்சி" எண்டு கத்துறார். அக்கா ஒரு தள்ளு. நான் பின் சீற்றிலை விழுந்தன், கார் வெளிக்கிட்டுது. இறக்கிவிடுங்கோ இறக்கிவிடுங்கோ எண்டு குளறினன். "இதிலை நிப்பாட்ட ஏலாது தங்கச்சி. முருகன் எல்லாம் அறிவார்." கோயில் வாசலிலைதான் நிப்பாட்டினார்.

வேறை ஆரும் எண்டால் பொறுத்திருப்பன். இந்த மனிசன் ஆர்? இளந்தாரியாய் இருக்கேக்கை கதிர்காமத்துக்குக் கால்நடையாய்ப் போன கதையை வருசா வருசம் தேருக்கு மைக் பிடிச்சுச் சொல்லுறவர்! காட்டுக்குள்ளை கால் கிழிஞ்ச கதை, யானை கண்ட கதை, எல்லாம் எங்களுக்குப் பாடம். அப்பிடிப்பட்டவருக்குத் தன்ரை கோயில் றோட்டிலை வெறுங்காலோடை வாற ஒருத்தியைக் கண்டால் நேர்த்தி ஞாபகம் வரேல்லை, புருசன் பெண்சாதிச் சண்டைதான் ஞாபகம் வருகுது. சைக்கிளிலை வந்த வெள்ளைக்காரன் விளங்கிக்கொண்டான்!

தேர் வெளிக்கிடுற நேரம், வாசல் நிறையச் சனம். எல்லாற்றை கண்ணும் என்னிலை. அன்னதான மண்டபத்துக்குள்ளாலை மனிசன் அகப்பையோடை ஓடிவந்தார். நான் சனத்தைப் பார்க்கேல்லை, அண்ணையைப் பார்க்கேல்லை. "இஞ்சாருங்கோ, என்ரை நேர்த்தியை முறிச்சுப்போட்டினம். என்னைத் திருப்பிக் கொண்டுபோய் விடுங்கோ" எண்டன்.

அண்ணை குறுக்கை வந்தார். "விடுங்கோ தங்கச்சி, கோயில் வீதியை மூண்டுதரம் சுத்தினால் சரி. தேர் இழுக்கப் போகினம்."

மனிசன் என்னைப் பார்த்தார், என்ரை காலைப் பார்த்தார். பெருவிரலிலை ரத்தம். வெக்கக்கேடு எண்டு சொல்லப்போறார் எண்டுதான் நினைச்சன். அவர் அகப்பையை அண்ணையின்ரை கையிலை குடுத்தார். "சாம்பார் அடிப்பிடிக்காமல் பாருங்கோ அண்ணை" எண்டுபோட்டுக் கார்த் திறப்பை எடுத்தார்.

என்னை ஏத்தின இடம் வர, "இதிலைதான்" எண்டன். அவர் நிப்பாட்டேல்லை.

"மரப்பாலத்தடிக்கே போவம். பிறகு முருகன் குறை சொல்லக்கூடாது."

அங்கை இறக்கிவிட்டிட்டு, சாம்பாரைப் பார்க்கத் திரும்பிப் போனார். நான் முதலிலையிருந்து நடந்தன். கால் புண், பசி, மத்தியான வெயில், ஆமை நடை. நான் பாதித் தூரம் வரவே கோயில் முடிஞ்சு சனம் வீட்டை திரும்பத் தொடங்கிட்டுது. எதிராலை வாற கார் எல்லாம் என்னைக் கண்டு நிக்குது. "அக்கா, தேர் முடிஞ்சுது, இனி எங்கை போறியள்? ஏறுங்கோ." ஏறமாட்டன் எண்டன். "அக்கா, தண்ணியெண்டாலும் குடியுங்கோ." குடிச்சன், ஏறேல்லை. கடைசியாய் அண்ணையின்ரை கார் வந்துது. அவர் றோட்டைப் பார்த்தபடி இருந்தார், சேட்டிலை சாம்பார்க் கறை. அந்த அக்கா கண்ணாடியை இறக்கி, ரெண்டு கையையும் எடுத்து என்னைக் கும்பிட்டா.

எனக்கு அழுகையும் வந்துது, ஆத்திரமும் வந்துது. "இந்தக் கும்பிடைக் காலமை கும்பிட்டிருக்கலாமே அக்கா!" எண்டு கேட்டுப்போட்டு நடந்தன்.

கோயில் வாசலிலை வாகனம் ஒண்டும் இல்லை, எங்கடை கார் மட்டும். திரை மூடியிருந்தது. படியிலை நெத்தி முட்டக் கும்பிட்டன். "வந்திட்டன். நடந்துதான் வந்தன். இடையிலை நடந்ததுக்கு நான் பொறுப்பில்லை, உன்ரை நிர்வாகத்தைக் கேள்" எண்டு சொன்னன். தேங்காயை உடைச்சன்.

திரும்பிப் பார்க்க, மனிசன் ஒரு கோப்பையிலை சோறும் சாம்பாரும் மூடி வைச்சுக்கொண்டு நிண்டார். நான் சாப்பிட்டு முடிச்சன். பிறகு திறப்பைக் கையுக்குள்ளை உருட்டிக்கொண்டு, பயந்து பயந்து கேட்டார்:

"திரும்பியும் நடந்துதானோ?"

"எனக்கென்ன விசரோ? காரை எடுங்கோ!"