என் கையெழுத்து இல்லாத உறுதிமொழி

அந்த உறுதிமொழிப் படிவத்தை எழுதியது நான்தான். மின்சாரத்தைச் சேமிக்கப் பத்து வழிகள், கீழே கையெழுத்துப் போட நீளமான இடம். ஆலங்குடியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். சனி, ஞாயிறுகளில் எங்கள் சிறு சுற்றுச்சூழல் குழுவுக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசுவேன். எனக்கு நன்றாகப் பேச வரும். கூட்டத்தில் கடைசி வரிசையில் இருப்பவர் கொட்டாவி விட்டால்கூட அவரைப் பிடித்து இழுத்துவிடுவேன்.

அந்த வருடம் பங்குனி தொடக்கத்தில் வல்லத்திராக்கோட்டையில் மகளிர் குழுப் பெண்களிடம் பேசினேன். படிவத்தை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் கலந்து பேசிக் கையெழுத்துப் போடுங்கள், அவசரமில்லை என்றேன். குழுவின் தலைவி ஒரு தையல்காரப் பெண். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். நான் பேசியதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம் அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் உள்ளே ஆண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். அறையில் ஏசி இருபதில் ஓடிக்கொண்டிருந்தது. குளிர் தாங்காமல் தோளில் ஒரு போர்வையைப் போர்த்தியிருந்தேன். அந்தக் கோலத்திலேயே எழுந்து போய்க் கதவைத் திறந்து, அவரை உள்ளே கூட்டிக்கொண்டு வந்தேன். அதுவரை அதில் விசேஷமாக ஏதாவது இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

"மார்கழி மாதிரில்ல இருக்கு டீச்சர்," என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் சொன்னார். பையிலிருந்து படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "முப்பத்திரெண்டு பேரும் போட்டுட்டாங்க. தபால்ல அனுப்புனா தவறிப்போகும்னு நானே பஸ் ஏறி வந்துட்டேன்."

தண்ணீர் கொடுத்தேன். அவர் சொம்பை அண்ணாந்து குடித்தபோதுதான் கழுத்தைக் கவனித்தேன். கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் வேர்க்குரு சிவந்து, சொறிந்து புண்ணாகிக் கிடந்தது.

"என்னங்க இது?"

"ஒண்ணுமில்ல டீச்சர். கடை தகர ஷீட்டு போட்டது. ஃபேன் போடாம தைக்கிறேன்ல, அதான்."

பத்து வழிகளில் நான்காவது அது. 'பகலில் ஜன்னலைத் திறந்து வைப்போம், மின்விசிறியைத் தவிர்ப்போம்.' அதை நான் உட்கார்ந்து எழுதிய இடம், ஏசி ஓடும் இதே அறைதான்.

அவர் அடுத்ததாகச் சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது. ஒரு கல்யாணப் பெண்ணின் சந்தன நிறப் பட்டு ரவிக்கை. தைத்துக்கொண்டிருக்கும்போது நெற்றியிலிருந்து வேர்வை சொட்டித் திட்டுத்திட்டாக நிறம் மாறிவிட்டது. அதே துணி கிடைக்குமா என்று புதுக்கோட்டையில் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார். நிறம் சரியாகச் சேரவில்லை. அந்த வீட்டார் இனி இவரிடம் துணி கொடுக்க மாட்டார்களாம்.

"ஐயோ, ஃபேனைப் போட்டுக்க வேண்டியதுதானங்க?"

"கையெழுத்துப் போட்டிருக்கேனே டீச்சர்."

ஏசியை நிறுத்தலாம் என்று ரிமோட்டைத் தேடினேன். அது விடைத்தாள்களுக்கு அடியில் எங்கேயோ மாட்டிக்கொண்டது. அவரோ படிவத்தை என் பக்கம் திருப்பி, பெயர்களின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே கேட்டார்: "நீங்க எதுல போட்டிருக்கீங்க? ஒங்களுக்குன்னு தனியா பேப்பர் இருக்கா?"

எந்தப் பேப்பரும் இல்லை. அதுவரை பதினைந்து ஊர்களுக்காவது போயிருப்பேன். எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். நானும் போட வேண்டும் என்று ஒரு தடவைகூட மனதில் பட்டதில்லை. சிவப்புப் பேனாதான் கையில் இருந்தது. அதைக்கொண்டே முப்பத்துமூன்றாவதாக அவர் முன்னாலேயே கையெழுத்துப் போட்டேன். அவர் மூன்று மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து போய்விட்டார்.

என் கணவரிடம் சொன்னதும் சிரித்தார். அவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராகப் பதினோரு வருடம் இருந்து திரும்பியவர். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக இரண்டு அறைக்கும் ஏசி வைத்தார்.

"டாக்டர் சிகரெட் குடிக்கிறாருன்னா, சிகரெட் ஒடம்புக்கு நல்லதாயிருமா? நீ சொல்றது சரியா தப்பான்னு மட்டும் பாக்கச் சொல்லு. ஒன் வீட்டுக்குள்ள எட்டிப் பாக்க அவங்களுக்கு என்ன வேலை?"

"டாக்டர் உண்மையச் சொல்லிட்டுப் போயிடுவாருங்க. நான் கையெழுத்துல்ல வாங்குறேன்."

"அது ஒன் பாடு. நான் இரும்புக்குள்ள வெந்தவன். என் ஏசிய நான் நிறுத்த மாட்டேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடவில்லை. எனவே நான் என் பாயை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அடுத்த மீட்டர் ரீடிங் எடுக்க ஈபிகாரர் வரும்வரை, இரண்டு மாதம், பத்தையும் ஒன்றுவிடாமல் கடைப்பிடிப்பது என்று முடிவு செய்தேன். சித்திரையும் வைகாசியும் குறுக்கே கிடந்தன.

முதலில் நான்காவதை எடுத்துக்கொண்டேன். ஜன்னல்களைத் திறந்து, ஃபேனை நிறுத்திவிட்டு, மீதி விடைத்தாள்களோடு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. என் மோவாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்து, ஒரு பிள்ளை நீலமையில் எழுதியிருந்த விடை கரைந்து ஓடியது. ஒற்றி எடுத்துப் பார்த்தேன், என்ன எழுதியிருந்தாள் என்று தெரியவில்லை. முழு மதிப்பெண் போட்டேன். அதற்குப் பிறகு அந்த நான்காவதை ஒரு நாள்கூடக் கடைப்பிடிக்கவில்லை. முடியாதென்று மட்டுமில்லை, அது மோசமான யோசனை என்று தெரிந்துபோனது. ஃபேன் இழுக்கும் மின்சாரம் கொஞ்சம். அதை நிறுத்தினால் கெடும் வேலை அதிகம்.

செல்போன் சார்ஜரைப் பிடுங்கி வைப்பது ஆறாவது. ஒவ்வொரு கூட்டத்திலும் இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். சுலபம் அல்லவா! இரண்டு வாரம் பிடுங்கிப் பிடுங்கி வைத்தேன். மீட்டரில் தெரிகிற அளவுக்கு எதுவும் மாறவில்லை.

ஆனால் மீட்டர் முன்னால் நின்ற பழக்கம் வேறொன்றைக் காட்டிக் கொடுத்தது. எங்கள் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். மின்சாரம் கூடுதலாக ஓடினால் வேகமாகச் சிமிட்டும். ஒரு காலையில் அது வெறி பிடித்ததுபோல் சிமிட்டியது. என்னவென்று பார்த்தால் தண்ணீர் மோட்டார். தொட்டி நிரம்பி, பின்பக்கம் வாழைக்கு மேல் அருவியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. தினமும் அப்படித்தான் கொட்டியிருக்கிறது. சுவிட்சைப் போட்டுவிட்டு மறந்துபோவது எங்கள் வீட்டு வழக்கம். இந்தப் பக்கம் தண்ணீர் எத்தனை ஆழத்திலிருந்து ஏறி வருகிறது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். என் பத்து வழிகளில் மோட்டார் என்ற சொல்லே கிடையாது. அதை நான் யோசித்து எழுதவில்லை. எங்கெங்கோ படித்ததைத் திரட்டி எழுதினேன்.

சித்திரை வெயிலில் ஒரு மதியம் நான் தோற்றேன். பத்தொன்பது நாள் ஏசி பக்கமே போகாமல் இருந்தவள், அன்று தலைவலியோடு கணவரின் அறைக்குள் போய்ப் படுத்தேன். மூன்று மணி நேரம் கழித்துத்தான் விழித்தேன். அவர் கேலி செய்வார் என்று நினைத்தேன். "தூங்குனியா?" என்று மட்டும் கேட்டார். அன்று மாலை அவராகவே ரிமோட்டை எடுத்து, இருபத்தேழில் வைத்து, மேலே ஃபேனையும் சுழல விட்டார். "இப்டிப் போட்டா ஆகுமான்னு பாப்போம். ஆகலைன்னா மறுபடி எறக்கிருவேன்." ஆனது. இறக்கவில்லை. பகலில் போடுவதையும் அவரே விட்டார். ஏனென்று நான் கேட்கவில்லை.

ரீடிங் எடுத்த மறுநாள் வல்லத்திராக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். தையல் கடை சாலையோரத்தில் இருந்தது. உள்ளே நுழையும்போதே சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தேன். "நான் எழுதுனது தப்புங்க. ஃபேனைப் போட்டுக்கங்க." ஆனால் அவர் தலைக்கு மேல் ஃபேன் ஏற்கெனவே முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கே போட்டுட்டேன் டீச்சர்," என்றார், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒங்க வீட்டுலேருந்து வந்து பூட்டத் தொறந்ததும் மொத வேலை அதான்."

"நல்லதுங்க."

"அத மட்டுமில்ல. மத்ததையும் விட்டுட்டோம். மத்தவங்ககிட்டயும் சொன்னேன். டீச்சரே செய்யல, நமக்கு என்னன்னு முப்பத்திரெண்டு பேரும் விட்டுட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது அங்கேதான். வேர்க்குருவைப் பார்த்தபோதுகூட இவ்வளவு இல்லை. அந்தப் பத்தில் நல்லவையும் இருந்தன. குண்டு பல்பை மாற்றுவது, ஆள் இல்லாத அறையில் விளக்கை அணைப்பது. நான் போர்வை போர்த்தியிருந்த ஒரு மதியத்தில் அவையும் சேர்ந்து போய்விட்டன. சொல்கிறவள் எப்படி இருந்தாலும் உண்மை உண்மைதான் என்று என் கணவர் சொன்னார். இருக்கலாம். ஆனால் அந்த உண்மை வல்லத்திராக்கோட்டை வரை பஸ் ஏறிப் போக ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. அந்த ஆளை நம்ப முடியவில்லையென்றால் அவள் கையிலிருப்பதையும் யாரும் வாங்க மாட்டார்கள்.

நான் ஃபேன் இல்லாமல் உட்கார்ந்து பார்த்த கதையைச் சொன்னேன். அவர் முதல் தடவையாகத் தையலை நிறுத்தினார்.

"புயலடிச்ச வருசம் மாசக்கணக்குல கரண்டே இல்லாம கெடந்தவங்க நாங்க. ஃபேன் இல்லாட்டி என்னாகும்னு எங்களக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லிருப்போம்ல?"

"கேட்டிருக்கணுங்க. இப்பக் கேக்குறேன். ஒங்க வீடுகள்ல எது வீணாப் போகுது?"

அவர் யோசிக்கவே இல்லை. "மோட்டாருதான்! எங்க தெருவுல தொட்டி நெறஞ்சு சாக்கடையில ஓடாத நாளு கெடையாது."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அங்கேயே அவருடைய அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் புதிதாக எழுத ஆரம்பித்தோம். பத்து வழிகள் ஐந்தாகக் குறைந்தன. மோட்டார் முதலில் வந்தது. சார்ஜர் போயிற்று. கீசரையும் எழுதப் போய், நானே நிறுத்திக்கொண்டேன். சித்திரையில் கீசர் போடாமல் இருந்தது ஒரு சாதனையா? மழைக்காலம் முடிந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். (பார்த்தேன். என்னால் விட முடியவில்லை. நேரத்தைத்தான் குறைக்க முடிந்தது. அதையே இப்போது கூட்டங்களில் சொல்கிறேன்.)

எங்கள் சுற்றுச்சூழல் குழுவின் பொறுப்பாளருக்கு இது பிடிக்கவில்லை. "மேடம், நாமளே முடியலன்னு சொன்னா மத்தவங்க எப்படிச் செய்வாங்க? கொஞ்சம் உசத்தித்தான் சொல்லணும்," என்றார். முடியாததைச் செய்வதுபோலக் காட்டியதால்தான் முப்பத்திரண்டு பேரை இழந்தோம் என்றேன். வேறு யாரையாவது பேச அனுப்புங்கள், ஆனால் போகிறவர் முதலில் இரண்டு மாதம் தன் வீட்டில் செய்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்றும் சொன்னேன். வேறு யாரும் முன்வரவில்லை. அடுத்ததாக இருந்த அன்னவாசல் கூட்டத்துக்கு நானே போனேன்.

அன்னவாசலில் பேச்சை ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே, சுவரில் சாய்ந்து நின்ற ஒருவர் கை தூக்காமலே கேட்டார். கடலை வியாபாரி என்று பிறகு தெரிந்தது. "ஒங்க வீட்டுல ஏசி இருக்காங்க?"

பழைய ஆளாக இருந்திருந்தால் சுற்றி வளைத்திருப்பேன். "இருக்குங்க. ரெண்டு. ஒண்ணு இப்ப ஓடுறதில்ல. இன்னொண்ணு ராத்திரி இருபத்தேழுல ஓடும், ஃபேனோட. ஒரு நாள் மதியம் போட்டுக்கிட்டு மூணு மணி நேரம் தூங்குனேன், அதையும் சொல்லிடுறேன்."

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "இத நாங்க எப்டி நம்புறது?"

"வந்து பாருங்க. ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுலேருந்து நடக்குற தூரந்தான்."

சும்மா சொன்னதில்லை. ஆனாலும் வருவார் என்று எதிர்பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு காலை, மனைவியோடு வந்து இறங்கினார். டீ குடித்துவிட்டு எழுந்து, வீட்டை வாங்க வந்தவர்போல ஒவ்வோர் அறையாகப் பார்த்தார். பாத்ரூமில் விளக்கு காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்தது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்தார். காகிதம் வழுக்கிக்கொண்டு வந்தது. "ரப்பர் போயிருச்சும்மா. கூலிங் பூரா வெளிய போவுது. இது ஒங்க லிஸ்டுல இல்லையே?"

இல்லைதான். இரண்டையும் எழுதிக்கொண்டேன். அதற்குள் என் கணவர், ஊருக்குச் சொல்லவெல்லாம் தனக்கு நேரமில்லை என்று எப்போதும் விலகிப் போகிறவர், அவரைத் தோளில் தட்டி மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார். தொட்டி நிரம்பினால் தானாக மோட்டாரை நிறுத்தும் மிதவை ஒன்றைப் போன வாரம்தான் மாட்டியிருந்தார். அது எப்படி வேலை செய்கிறது என்று உரக்க விளக்குவது கீழே எங்கள் இருவருக்கும் கேட்டது. கடலைக்காரரின் மனைவி என்னைப் பார்த்து, "எங்க வீட்டுக்கும் இப்டி ஒண்ணு வேணும்னு நாலு வருசமாச் சொல்றேன்," என்றார்.

போகும்போது கடலைக்காரர் வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே, "ரப்பர மாத்திட்டுச் சொல்லுங்க, வந்து பாக்குறேன்," என்றார்.

"கண்டிப்பா வாங்க," என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன்.